அடுத்த வகுப்புக்கான மிச்சம்

சஸ்மிதா அந்தக் கேள்வியைக் கேட்டபோது வினோதினிக்குப் பதில் தெரியாமல் இல்லை. பதிலைச் சொன்னால் பக்கத்து அறையில் ஐந்தாம் வகுப்பு எடுக்கும் ஃபர்சானா அக்காவின் வேலைக்கு ஆபத்து என்பதுதான் அவளைத் தயங்க வைத்தது.

கேள்வி என்னவோ சின்னதுதான். முந்தின நாள் சஸ்மிதாவின் அப்பா பனியன் கம்பெனியிலிருந்து திரும்பும்போது இரண்டு தேங்காய் பன் வாங்கி வந்திருக்கிறார். வீட்டில் பிள்ளைகள் மூன்று பேர். அம்மா பார்த்துப் பிய்த்துக் கொடுத்ததில் சண்டையில்லாமல் முடிந்துவிட்டது. ஆனால் தனக்குக் கிடைத்தது எவ்வளவு என்று எழுதிப் பார்க்க நினைத்தவளுக்கு எழுத வரவில்லை. ஒன்று என்று எழுத முடியாது, ஒன்றுமில்லை என்றும் எழுத முடியாது.

"நடுவுல ஒரு நம்பர் இருக்கணுமே டீச்சர்," என்றாள்.

"அது அஞ்சாம் வகுப்புல வரும் கண்ணு."

வருடக்கணக்காகச் சொல்லிச் சொல்லி இந்தப் பதில் வினோதினியின் நாக்கில் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். பிள்ளைகளும் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். சஸ்மிதா போகவில்லை.

"அடுத்த வருசம் நான் இங்க இருக்க மாட்டேனே. அப்பா வேலை பாக்கற கம்பெனிய எங்க ஊர்ப் பக்கமே கொண்டுபோறாங்க. மார்ச்ல நாங்க ஒடிசா போறோம். அங்க ஸ்கூலு ரொம்பத் தூரம்னு அம்மா சொல்லுது."

மணி அடித்தது. வினோதினி அதைச் சாக்காக வைத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

அவள் இந்தப் பள்ளிக்கு மாற்றலாகி வந்த புதிதில், பிள்ளைகளை அளக்கும் மின்பலகைகளும் அப்போதுதான் வந்திருந்தன. அதற்கு முன்னால் ஏமாற்ற முடிந்தது. பிள்ளைகள் ஒரு வருடத்தில் எவ்வளவு வளர்ந்தார்கள் என்பதை வைத்துத்தான் ஆசிரியருக்கும் பள்ளிக்கும் புள்ளி என்றானதும், வருடத் தொடக்கத்துப் பரீட்சையைத் தப்பாக எழுதச் சொல்லிக் கொடுத்த வாத்தியார்கள் எல்லா ஊரிலும் இருந்தார்கள். தொடக்கம் பள்ளத்தில் இருந்தால்தானே ஏறியது உயரமாகத் தெரியும். அதைத் தடுக்கத்தான் பலகை வந்தது. பிள்ளை என்ன விடை தொட்டது என்பதை அது பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. கண்ணைப் பார்க்கும். கேள்வியைப் படிக்கும்போது பார்வை எங்கே நின்றது, எங்கே தாவியது, விடை தெரிந்த பிறகு வேண்டுமென்றே விலகியதா என்று பார்க்கும். பிள்ளைக்கு உண்மையில் என்ன தெரியும் என்பதைச் சொல்லிவிடும்.

ஃபர்சானா அக்காதான் ஒரு மத்தியானம் சோற்றைப் பிசைந்துகொண்டே அவளுக்கு விளக்கினாள்.

"இதுகிட்ட தெரிஞ்சதைத் தெரியாதுன்னு நடிக்க முடியாது வினோ. ஏப்ரல்ல நீ எடுக்கற அளவுதான் ஜூன்ல எனக்கு ஆரம்பக் கோடு. உன்ற பிள்ளைங்க நிறைஞ்சு வந்தா எனக்கு ஏத்தறதுக்கு இடம் இருக்காது. அந்தந்த வகுப்புக்கு உள்ளதைத்தான் அது அளக்கும். வகுப்புக்கு மேல சொல்லிக் குடுத்தாலும் அதுக்குக் கண்ணு தெரியாது."

"அப்ப என்னக்கா பண்றது?"

"நடிக்க முடியாதுன்னா, நெசமாவே தெரியாம இருக்கணும். வேற வழியில்ல."

இதைச் சொல்லிவிட்டு அவள் ஊறுகாயை நீட்டினாள்.

அப்படித்தான் மிச்சம் வைப்பது வழக்கமானது. மூன்றாம் வகுப்பில் வகுத்தலை விட்டுவைப்பார்கள், நான்காம் வகுப்பு டீச்சருக்காக. நான்கில் பின்னத்தை விடவேண்டும், ஐந்துக்காக. புத்தகத்தில் பாடம் இருக்கும். அந்தப் பக்கங்களை வேகமாகத் தாண்டிவிடுவார்கள். யாரும் இதைத் தப்பென்று நினைக்கவில்லை. லைன் வீட்டில் குடியிருப்பவர்கள், பின்னால் குளிக்க வருகிறவர்களுக்குத் தொட்டியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுவைப்பதில்லையா, அது மாதிரி. மிச்சம் வைக்காத வாத்தியாரைத்தான் மற்றவர்கள் சுயநலக்காரர் என்றார்கள். பக்கத்துப் பள்ளிகளிலும் இதுதான். வேறு மாவட்டத்திலிருந்து மாற்றலாகி வருகிறவர்களும் முதல் நாளே, "இங்க எதை விடறீங்க?" என்றுதான் கேட்டார்கள்.

பணிக்காலத்தில் மூன்று முறை வளர்ச்சிப் புள்ளி பூஜ்யத்துக்குக் கீழே போய் மைனஸ் வாங்கினால் வகுப்பறை கிடையாது. சம்பளம் குறையாது. ஆனால் வட்டார அலுவலகத்தின் பின்கட்டிடத்தில் ஒரு கூடம் இருக்கிறது, அங்கே உட்காரவேண்டும். பலகை பதிவு செய்த பிள்ளைகளின் கண்களைத் திரையில் பார்த்து, இந்தக் கண்ணுக்குத் தெரிகிறது, இந்தக் கண்ணுக்குத் தெரியவில்லை என்று நாள் முழுக்கக் குறித்துக்கொண்டிருக்கவேண்டும். பலகைக்குப் பாடம் நடத்துவது அப்படித்தான். ஆசிரியர்கள் அதைக் கண்ணாஸ்பத்திரி என்றார்கள். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்கள். போனவர்கள் யாரும் திரும்பி வந்ததில்லை.

ஃபர்சானா அக்காவுக்கு இரண்டு மைனஸ் விழுந்திருந்தது. முதலாவது, ஊரெல்லாம் காய்ச்சல் பரவிய வருடம். இரண்டாவதுக்குக் காரணம் வினோதினி. அந்த வருடம் அவளுக்குக் கருப்பையை எடுத்தார்கள். மாதக்கணக்கில் விடுப்பு. மாற்றாக வந்த இளைஞர் வழக்கம் தெரியாதவர், உற்சாகமாக எல்லாவற்றையும் நடத்திவிட்டுப் போய்விட்டார். நிறைந்து வந்த அந்தப் பிள்ளைகளோடு ஃபர்சானா வருடம் முழுக்க மாரடித்தாள். ஒருமுறைகூட அதைப்பற்றி வினோதினியிடம் பேசவில்லை. ஆஸ்பத்திரிக்கு ரசம் வைத்து எடுத்துவந்த அதே கைதான், அதே மாதிரிதான் அவளைத் தட்டிக்கொடுத்தது. பேசியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும் என்று வினோதினிக்குப் பல நாள் தோன்றியிருக்கிறது.

அதற்கடுத்த வருடங்களில் ஃபர்சானா பூஜ்யத்துக்குக் கொஞ்சம் மேலே ஒட்டிக்கொண்டு பிழைத்தாள். கணவர் வெளிநாடு போய் அங்கேயே இன்னொரு குடும்பமாகிவிட்டவர். வகுப்பறையைத் தவிர அவளுக்கு வேறு இடம் இல்லை. கோடை விடுமுறையில்கூட ஏதாவது காரணம் சொல்லிக்கொண்டு பள்ளிக்கு வந்து கதவைத் திறந்து உட்கார்ந்திருப்பாள்.

ஆகவே சஸ்மிதாவின் கேள்வியை வினோதினி இரண்டு நாள் தள்ளிப்போட்டாள். மூன்றாவது நாள் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தாள். இந்தப் பெண் ஐந்தாம் வகுப்புக்குப் போகப்போவதில்லை. அக்காவின் ஆரம்பக் கோட்டில் இவள் இருக்கமாட்டாள். இவள் ஒருத்திக்குத் தெரிந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. அந்தக் கணக்கில் பிழை இருப்பதாக அவளுக்குத் தோன்றவில்லை.

பள்ளி விட்டதும் சஸ்மிதாவின் அம்மா ஷிப்ட் முடிந்து வரும்வரை கொஞ்ச நேரம் இருந்தது. சிறுமியின் பையில் எப்போதும் கட்டிங் வேஸ்ட் துணி கிடக்கும், நீலமும் ரோஸுமாக. ஒரு நீலப் பட்டையை எடுத்து இரண்டாக மடித்துக் காட்டினாள் வினோதினி. பிறகு மூன்றாக மடித்தாள். இரண்டு பங்கை மட்டும் தொட்டுக்காட்டிவிட்டு, கோடு போட்டு, மேலே இரண்டும் கீழே மூன்றும் எழுதினாள்.

சஸ்மிதா எழுதியதைப் பார்த்தாள், துணியைப் பார்த்தாள், மறுபடி எழுதியதைப் பார்த்தாள். "கீழ இருக்கறது எத்தனை பேருன்னு. மேல இருக்கறது எனக்கு எத்தனைன்னு," என்றாள் மெதுவாக, தனக்குத்தானே. பிறகு முகம் மலர்ந்தது.

இந்த முகத்துக்காகத்தான் இந்த வேலைக்கு வந்தோம் என்பதே வினோதினிக்கு மறந்துபோயிருந்தது. இத்தனை வருடமும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் ஒரு கையால் கொடுக்கும்போதே இன்னொரு கை எதையோ முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டிருந்தது. அந்தக் கையின் வலிதான் சாயங்காலங்களில் தன்னை இப்படிப் படுத்துகிறது என்று அவள் அன்று நினைத்தாள்.

"யார்கிட்டயும் சொல்லக்கூடாது," என்றாள்.

சஸ்மிதா சம்மதித்தாள். வாக்கையும் காப்பாற்றினாள். அவள் யாரிடமும் எதையும் சொல்லவில்லை. விளையாடினாள், அவ்வளவுதான்.

சஸ்மிதாவின் குடும்பம் ரயிலேறிப் போன பிறகுதான் வினோதினிக்கு அந்த விளையாட்டு தெரிந்தது. சத்துணவு முடிந்து தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் அவள் வகுப்புப் பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் கலர் கலராகப் பட்டைத் துணிகள்.

"இழுக்காம வெச்சுச் சொல்லுடா. இழுத்தா காலு, அரை ஆயிரும்."

"நான் இழுக்கல, துணியே அப்படித்தான்."

ஒருவன் மூன்றில் இரண்டு பங்கு வைத்திருந்தான். எதிரே இருந்தவளிடம் நான்கில் மூன்று. எது பெரிது என்று தகராறு. தன்யஸ்ரீ என்ற ஒல்லிப் பெண் இருவரையும் கையமர்த்தினாள். "உங்க கையில இருக்கறதப் பார்க்காதீங்க. மிச்சம் இருக்கறதப் பாருங்க. யாருது மிச்சம் சின்னதோ அவங்களுது பெருசு."

வினோதினி இதைச் சஸ்மிதாவுக்குக்கூடச் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. அவர்களாகக் கண்டுபிடித்திருக்கிறார்கள். எத்தனை பேர் என்று பார்வையை ஓட்டினாள். மொத்த வகுப்பும் அங்கே இருந்தது.

அன்று சாயங்காலம் ஃபர்சானா வழக்கம்போலப் பேருந்தில் அவளுக்கு இடம் போட்டு வைத்திருந்தாள். அடுத்த வருடம் பின்னத்தை முறுக்கு வைத்து ஆரம்பிக்கலாமா, தோசை வைத்து ஆரம்பிக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தாள். "முறுக்குன்னா உடைஞ்சா சமமா உடையாது. தோசைன்னா பசிச்சிரும்." வினோதினி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தாள். சொல்லிவிடலாம் என்று வாய்வரை வந்தது. சொல்லி என்ன ஆகப்போகிறது, தெரிந்ததைத் தெரியாமல் ஆக்க முடியுமா என்று நினைத்தாள். அந்த நினைப்பிலிருந்துதான் அடுத்த நினைப்பு வந்தது.

தெரிந்ததைக் குழப்ப முடியும். தெரிந்தது சரிதானா என்ற சந்தேகத்தை உண்டாக்கினால் போதும். பார்வை தடுமாறும். தடுமாறும் கண்ணைப் பலகை தெரியாத கண் என்றுதான் எடுத்துக்கொள்ளும்.

அளவெடுப்புக்கு முந்தின வாரம், அவள் கரும்பலகையில் முதல்முறையாகப் பின்னத்தை எழுதினாள். பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு சிரித்தார்கள், ரகசியம் ஒன்று அங்கீகாரம் பெற்றுவிட்டது என்ற மாதிரி. அரையும் அரையும் எழுதி, நடுவில் கூட்டல் குறி போட்டாள். மேலே இருப்பதை மேலே கூட்டவேண்டும், கீழே இருப்பதைக் கீழே கூட்டவேண்டும் என்றாள். மேலே இரண்டு, கீழே நான்கு. விடை, நான்கில் இரண்டு.



தன்யஸ்ரீ எழுந்தாள். "டீச்சர், நாலுல ரெண்டுன்னா மறுபடி அரைதானுங்க. அரையும் அரையும் சேர்த்தா எப்புடி அரை ஆகும்? முழுசுதானே டீச்சர் ஆகணும்."

"துணியில அப்படி இருக்கும். கணக்குல இப்படித்தான்."

அவள் குரல் அவளுக்கே யாரோ பக்கத்து அறையில் பேசுகிற மாதிரி கேட்டது. தன்யஸ்ரீ உட்கார்ந்தாள், ஆனால் எழுதவில்லை. பலர் எழுதவில்லை. கடைசி வரிசையில் கவின்ராஜ் மட்டும் உடனே குனிந்து எழுத ஆரம்பித்தான். டீச்சர் சொன்னால் சரியாக இருக்கும் என்று நம்புகிற பையன். எழுதி முடித்துவிட்டு, சட்டைப்பையிலிருந்து ஒரு ரோஸ் துணிப் பட்டையை எடுத்து ஒரு நிமிடம் பார்த்தான்.

"அப்ப நாங்க இத்தனை நாள் தப்பா பண்ணிட்டோமுங்களா டீச்சர்?"

வினோதினி கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவன் அதைப் பதிலாக எடுத்துக்கொண்டு, துணியைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு வந்தான்.

அவள் கரும்பலகையை அழித்தாள். அடுத்த நாள் அந்தப் பாடத்தைத் தொடரவில்லை. ஒரு நாளுக்கு மேல் அவளால் முடியவில்லை. அதைத் திருத்தவும் இல்லை. அளவெடுப்பு முடிந்தது, கோடை விடுமுறைக்குப் பள்ளியை மூடினார்கள்.

மே மாதத்தில் வட்டார அளவீட்டு அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. அதிகாரியின் பெயர் யுவராஜ். முன்பு வாத்தியாராக இருந்தவர். பேசும்போது சாக்பீஸ் பிடிப்பது போல விரல்களைக் குவித்துக்கொள்ளும் பழக்கம் இன்னும் போகவில்லை. மேசைமேல் ஒரு பலகை நிமிர்ந்து நின்றது. அவள் அதைப் பார்ப்பதைக் கவனித்துவிட்டு அதைக் கவிழ்த்து வைத்தார். "பயப்படாதீங்க. பெரியவங்க கண்ணப் பார்க்கக்கூடாதுன்னு சங்கத்துல சண்டை போட்டு வாங்கியிருக்கோம். குரல் மட்டும்தான் பதிவாகும். அதுவும் நான் ஆன் பண்ணினாத்தான்."

பிறகு விஷயத்துக்கு வந்தார். அவளுடைய வகுப்பு முழுக்கப் பின்னம் தெரிகிறது என்று பலகை சொல்கிறது. மாவட்டத்தில் வேறு எந்த நான்காம் வகுப்பிலும் தெரியவில்லை. மாநிலத்திலேயே அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் இருக்கிறது.

"அதனால மேல சந்தேகப்படறாங்க. ஒன்பது வயசுப் பிள்ளைக்குப் பின்னம் வராதுங்க டீச்சர்."

"புத்தகத்துல இருக்குதுங்களே சார்."

"இருக்குது. ஆனா எப்பவோ ஒரு வகுப்பைத் தவிர, வருசா வருசம் எந்தப் பிள்ளை கண்ணுலயும் தெரியல. இந்த வயசுக்கு அது ஏறாதுன்னு பலகை முடிவுக்கு வந்திருச்சு. வர்ற வருசம் நாலாம் வகுப்புப் புத்தகத்துலிருந்து அந்தப் பாடத்தையே எடுக்கப்போறாங்க."

அவர் அவளையே பார்த்தார். அவரும் ஒரு காலத்தில் எதையாவது விட்டுவைத்தவராகத்தான் இருக்கவேண்டும். இரண்டு பேருக்கும் தெரிந்ததை இரண்டு பேரும் சொல்லவில்லை.

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். கேள்விகள் முன்கூட்டியே வெளியாகிவிட்டன, பிள்ளைகளுக்கு விடைகளைப் பழக்கிவிட்டேன் என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். இந்த வகுப்பின் அளவு ரத்தாகும். ஜூனில் மாவட்டத்துச் சராசரியையே ஆரம்பக் கோடாக வைத்துக்கொள்வார்கள். அவளுக்கு ஒரு கண்டனம் விழும், ஒரு மைனஸ் விழும். அவளுக்கு அது முதலாவதுதான். "யாருக்கும் வேலை போகாது," என்றார். அந்தக் கடைசி வார்த்தையை அவர் ஏன் சொன்னார் என்று அவளுக்குப் புரிந்தது.

வினோதினி அதைச் சொல்லத்தான் வந்திருந்தாள். பேருந்தில் வரும்போதே வார்த்தைகளை அடுக்கி வைத்திருந்தாள். அக்காவுக்காக ஒரு பொய். ஒரு மைனஸ். கருப்பை எடுத்த வருடத்திலிருந்து தோளில் கிடக்கிற பாரத்தை இறக்கி வைத்த மாதிரியும் ஆகும். பிள்ளைகளைப் பொய்யர்கள் என்று ஆக்குகிறோமே என்று ஒரு குரல் உள்ளே கேட்கத்தான் செய்தது. ஏற்கெனவே அவர்களிடம் அதைச் செய்தாகிவிட்டது என்று அந்தக் குரலை அடக்கினாள்.

"சொல்லிடறேனுங்க சார்," என்றாள்.

யுவராஜ் பதிவுக் கருவிமேல் விரலை வைத்தார். வைத்தவர் எடுத்துவிட்டார்.

"ஒரு விஷயம் டீச்சர். விதிப்படி நான் இதைச் சொல்லியாகணும். ஃபர்சானா டீச்சர் காலையிலயே வந்து வாக்குமூலம் குடுத்துட்டுப் போயிட்டாங்க. நாங்க கூப்பிடல. அவங்களா வந்தாங்க."

"அக்காவா? என்னன்னு?"

"பிள்ளைங்களுக்கு நெசமாவே தெரியும்னு. தொட்டிக்குப் பின்னால துணிய வெச்சு விளையாடறத மாசக்கணக்கா ஜன்னல்ல பார்த்துட்டிருந்தாங்களாம். கேள்வி எதுவும் வெளியாகல, யாராவது அப்படிச் சொன்னா அது பொய்னு குரல்ல பதிவு பண்ணிட்டாங்க." விரல்களைக் குவித்து மேசையில் தட்டினார். "நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். இது யாருக்குப் பாதகம்னு யோசிங்கன்னேன். அடுத்த மே மாசம் நீங்க பின்கட்டிடத்துல இருப்பீங்கன்னேன். தெரியும்னாங்க."

வினோதினி கவிழ்த்து வைத்த பலகையைப் பார்த்தாள்.

"இப்ப நீங்க வெளியாகிருச்சுன்னு சொன்னா, ரெண்டுல ஒண்ணு பொய்யாகும். விசாரணை வரும். பொய் வாக்குமூலம்னா கூடமெல்லாம் கிடையாது, நேரா வீட்டுக்குத்தான். அவங்களோ, நீங்களோ." அவரும் களைத்துப்போயிருந்தார். "ஆன் பண்ணட்டுங்களா?"

சிவப்புப் புள்ளி எரிந்தது. பெயரும் பள்ளியும் சொன்னாள். நான்காம் வகுப்பு மாணவர்களுக்குப் பின்னத்தை நீங்கள்தான் கற்பித்தீர்களா என்று அவர் கேட்டார்.

"இல்லைங்க சார். ஒரே ஒரு பிள்ளைக்குச் சொன்னேன். அது ஊரைவிட்டுப் போயிருச்சு. போறதுக்கு முன்னாடி மத்தவங்களுக்குக் குடுத்துட்டுப் போயிருச்சு. நான் இந்தப் பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுக்கல. தெரிஞ்சது தப்புன்னு சொல்லிக் குடுக்கத்தான் பார்த்தேன். அவங்க கேக்கல."

யுவராஜ் பதிவை நிறுத்தினார். பிள்ளை பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்ததைச் சேர்ப்பதற்கு அமைப்பில் இடமில்லை என்றார். வளர்ச்சி என்று ஒன்று வந்தால் அது வகுப்பாசிரியரின் பெயரில்தான் ஏறும். இந்த வருடம் மாவட்டத்திலேயே அவளுடைய புள்ளிதான் அதிகம். புத்தகத்திலிருந்து பாடத்தை நீக்குவதையும் இனி ஒரு வருடத்துக்காவது நிறுத்திவைப்பார்கள் என்று நினைக்கிறேன் என்றார். வாழ்த்துச் சொல்வதா வேண்டாமா என்று அவருக்குத் தெரியவில்லை. கைகூப்பி அனுப்பிவைத்தார்.

ஃபர்சானா போயிருக்கவில்லை. அலுவலகத்துக்கு எதிரே நிழற்குடையில் உட்கார்ந்து கரும்புச்சாறு குடித்துக்கொண்டிருந்தாள். வினோதினியைப் பார்த்ததும் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் இடம் விட்டாள்.

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

"என்னைப் பொய்க்காரி ஆக்கிருவியோன்னு கொஞ்சம் பயமாத்தான் இருந்துச்சு. நீ செஞ்சாலும் செய்வே." சாற்றை உறிஞ்சினாள். "கண்ணாஸ்பத்திரிய எட்டிப் பார்த்துட்டு வந்தேன். ஏசி நல்லாருக்குது. நாற்காலியும் பரவால்ல. நம்ம ஸ்கூல்ல இருந்து அங்க போன வாசுகி டீச்சர் என்னை அடையாளமே கண்டுக்கல. திரைய விட்டுக் கண்ண எடுக்க மாட்டேங்கறா."

"ஏன்க்கா இப்படிப் பண்ணினீங்க?"

சாலையில் துணிமூட்டை ஏற்றிய வண்டி ஒன்று போனது. அது போகிறவரை ஃபர்சானா பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நானா போய் எதையும் பண்ணல. பிள்ளைங்க விளையாடுதுங்க, விளையாடட்டும்னு கொஞ்ச நேரம் பார்த்துட்டு ஜன்னலச் சாத்திருவேன். நீயா பார்த்து ஏதாவது பண்ணுவேன்னு நெனைச்சேன். நீயும் பண்ணினே. அளவெடுப்புக்கு முந்தின நாளு உன்ற வகுப்புப் பையன் ஒருத்தன், அந்தக் கவின்ராஜ், என்ற வகுப்பு வாசல்ல வந்து நின்னான். அழுதிருப்பானாட்ட இருக்குது. டீச்சர், அரையும் அரையும் சேர்ந்தா அரையா, முழுசான்னு கேட்டான்."

முடிவுகள் வந்த அன்று, கவின்ராஜின் பெயருக்கு எதிரே தெரிகிறது என்று இருந்ததை வினோதினி பார்த்திருந்தாள். பலகை தவறிவிட்டது போல என்று நினைத்திருந்தாள்.

"வினோ டீச்சர் என்ன சொன்னாங்கன்னு கேட்டேன். சொன்னான். கொஞ்ச நேரம் அவனையே பார்த்துட்டு நின்னேன். சரிடா, டீச்சர் சொன்னதுதான் சரின்னு சொல்லியிருந்தா அவன் போயிருப்பான். எனக்கும் ஒரு பிள்ளை மிச்சமாயிருக்கும். அந்த ஒரு கணக்கு எனக்கு மனசுல ஓடாம இல்ல, பொய் சொல்லக்கூடாது." டம்ளரைக் கீழே வைத்தாள். "துப்பட்டாவை மடிச்சுக் காட்டினேன். அவ்வளவுதான். அவன் முகத்தைப் பார்த்ததுக்கு அப்புறம், இவங்களுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு யாராவது சொன்னா விடக்கூடாதுன்னு ஆயிருச்சு."

தூரத்தில் பேருந்து திரும்புவது தெரிந்தது. ஃபர்சானா எழுந்தவள், மறுபடி உட்கார்ந்தாள். அவள் குரலில் கோபம் இல்லை. தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவள் கேட்பது போலத்தான் கேட்டாள்.

"எனக்கு ஒண்ணுதான் புரியல வினோ. விட்டுவைக்கறது எல்லாரும் பண்றதுதான். நான்தான் உனக்குச் சொல்லிக் குடுத்தேன். ஆனா தெரிஞ்ச பிள்ளைகிட்ட உனக்குத் தெரியாதுன்னு சொல்றதுக்கு, உனக்கு எப்புடி மனசு வந்துச்சு?"

உங்களுக்காகத்தான் அக்கா என்று சொல்லியிருக்கலாம். அது பொய்யும் இல்லை. ஆனால் அதைச் சொன்னால் கரும்பலகையில் தப்பை எழுதிய அந்த நாளையும் தூக்கி ஃபர்சானாவின் மடியில் வைத்ததாகிவிடும். அவள் அதையும் ஆஸ்பத்திரியில் காலி ரசப் பாத்திரத்தை வாங்கிய மாதிரி பேசாமல் வாங்கிக்கொண்டு போய்விடுவாள்.

"தெரியலக்கா," என்றாள் வினோதினி.

பேருந்து வந்து நின்றது. கூட்டமாக இருந்தது. ஃபர்சானா முதலில் ஏறி, கிடைத்த ஒரே இடத்தில் பாதியில் உட்கார்ந்துகொண்டு, மீதியைக் கையால் தட்டிக்காட்டினாள். வினோதினி கம்பியைப் பிடித்தபடி நின்றுகொண்டே வந்தாள்.